குளத்து ஆன்ட்டி எழுதிய வாத்துப் புத்தகம்

என்னைப் போலவே பத்து, பதினொரு வயதில் அமெரிக்காவிலிருந்து பெட்டியோடு பெட்டியாகக் கட்டிக்கொண்டு வரப்பட்டு, சென்னையிலோ கோவையிலோ ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் ஐயாவிடம் குட்டு வாங்கி எழுத்துக் கற்றுக்கொண்டவர்கள் நீங்கள். இப்போது உங்களுக்கும் காதோரம் வெளுத்திருக்கும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத்தான் போனைப் பார்ப்பீர்கள். இதை உங்களிடம்தான் சொல்ல முடியும். அங்கேயே தங்கிவிட்டவர்களுக்குச் சொல்ல வேண்டுமென்றால் இங்கிலீஷில் சொல்ல வேண்டும். இதை இங்கிலீஷில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நியூ ஜெர்சியில் பிளெய்ன்ஸ்பரோ. ஒரே மாதிரி பழுப்பு நிறக் கட்டடங்கள், ஒரே மாதிரி படிக்கட்டு. யார் வீடு என்று தாளிப்பு வாசனையை வைத்துத்தான் கண்டுபிடிப்போம். கடுகு வெடித்தால் கூரையில் இருக்கும் புகை அலாரம் கத்தும். உடனே யாராவது நாற்காலியில் ஏறி நின்று தினசரித் தாளால் விசிறுவார்கள். எங்கள் அம்மாவுக்கு ஜெர்சியைப் பற்றி இன்றைக்கும் முதலில் ஞாபகம் வருவது அந்த அலாரம்தான். எனக்கு வருவது கட்டடங்களுக்குப் பின்னால் இருந்த குளமும் அதில் கிடந்த வாத்துகளும்.

குளத்தைப் பார்த்த தரைத்தள வீட்டில் இருந்தவரைப் பிள்ளைகள் எல்லாம் குளத்து ஆன்ட்டி என்போம். பொள்ளாச்சிப் பக்கம். விலங்கியல் எம்.எஸ்சி. படித்தவர். கணவரின் விசாவில் வந்தவர் என்பதால் வேலைக்குப் போக முடியாது. குளத்து அங்கிள் தினமும் பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயிலேறிப் போய் இருட்டிய பிறகு வருவார். அவர்களுக்கு ஒரே பெண், ஏழு வயது. அவளைப் பாப்பா என்றுதான் எல்லோரும் கூப்பிட்டோம். பள்ளிவிட்டு வந்ததும் பாப்பாவோடு விளையாடுவதற்காக என்னை அங்கே அனுப்பிவிடுவார்கள். "நீ அந்த வீட்டுக்கே ஷிஃப்ட் ஆயிடு, உன் படுக்கையையும் அனுப்பிடறேன்" என்று அம்மா கேலி செய்வாள்.

பாப்பாவுக்குக் கதை பிடிக்காது. நரி பேசியது என்று ஆரம்பித்தால் போதும், "இஸ் தட் ரியல்?" என்பாள். இல்லை என்றால் எழுந்து போய்விடுவாள். அவளுக்கு எல்லாம் நிஜமாக இருக்க வேண்டும். எரிமலை, திமிங்கிலம், புல்டோசர், பல்லுக்குள் இருக்கும் நரம்பு. நிஜம் என்று தெரிந்துவிட்டால் அசையாமல் உட்கார்ந்து கேட்பாள்.

சனிக்கிழமைகளில் ஆன்ட்டி எங்கள் இருவரையும் நூலகத்துக்கு நடத்திக் கூட்டிப் போவார். குழந்தைகள் பகுதியில் கதைப் புத்தகங்களைத் தாண்டி மூலையில் இருந்தன நிஜப் புத்தகங்கள். சின்னச் சின்ன நாற்காலிகள். முழங்கால் நாடியை இடிக்கிற மாதிரி அதில் உட்கார்ந்துகொண்டு, சால்வைக்கு மேல் கோட்டைப் போட்டுக்கொண்டு, எங்களைவிட ஆசையாக அவர்தான் படிப்பார். பக்கத்தைப் புரட்டும்போதே இங்கிலீஷ் அவர் வாயில் தமிழாகிவிடும். பீவர் என்ற பிராணி பல்லால் மரத்தை அறுத்து ஆற்றுக்கு அணை கட்டுவதை அவர் சொன்ன விதத்தில், அது அவருடைய சித்தப்பா தோட்டத்தில் நடந்தது என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"எம்.எஸ்சில எனக்கு ஒருத்தரும் இப்படிச் சொல்லிக் குடுக்கல கண்ணு" என்பார். "இங்க பாரு. திமிங்கலம் ஏன் கரைக்கு வந்து சாகுதுன்னு இன்னும் தெரியலைன்னு எழுதியிருக்கான். சின்னப் புள்ளைககிட்டப் போயி தெரியாததத் தெரியாதுன்னு சொல்றான் பாரு." ஒரு நல்ல புத்தகம் கிடைத்துவிட்டால் அன்றைக்கு அவர் வீட்டில் பண்டிகைதான். மேஜைமேல் அதை நிறுத்தி வைத்துவிட்டு ரவா கேசரி கிண்டுவார். நெய் பட்ட விரலோடு அந்தப் புத்தகத்தைத் தொடக்கூடாது, அது ஒன்றுதான் நிபந்தனை.

அந்த வசந்த காலத்தில்தான் பாப்பாவின் பள்ளியிலிருந்து ஒரு டீச்சர் பேசினார். குழந்தை வகுப்பில் சரியாகப் பேசுவதில்லை, வீட்டில் இரண்டு மொழி பேசுவதால் குழம்புகிறாள், இனி வீட்டிலும் இங்கிலீஷே பேசுங்கள் என்று அறிவுரை. அந்தக் காலத்தில் பல வீடுகளுக்கு இந்த அறிவுரை வந்தது. அது தப்பு என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். இப்போது சொல்லி என்ன பிரயோஜனம்?

நான் அவர்கள் வீட்டில் தோசை தின்றுகொண்டிருந்தபோதுதான் அங்கிள் அதைச் சொன்னார்.

"டீச்சரே சொல்லிட்டாங்க. இனிமே வீட்ல இங்கிலீஷ்தான். டிசைட் பண்ணியாச்சு."

"ஏனுங்க, எனக்கு வர்ற இங்கிலீஷ்ல அவகிட்ட என்னத்தைப் பேசறது? சாப்பிடு, தூங்கு, ஷூ போடு. அவ்வளவுதான் வரும்."

"பேசப் பேச வந்துரும்."

"எனக்கு வந்துரும். அதுக்குள்ள அவ வளந்துருவாளே."

அங்கிள் கெட்டவர் இல்லை. பயந்த மனிதர். ஆபீஸ் மீட்டிங்கில் அவர் பேசினால் திரும்பச் சொல்லச் சொல்வார்களாம். அந்த அவமானம் மகளுக்கு வரக்கூடாது என்று நினைத்தார். ஆன்ட்டி விடாமல் கேட்டுக்கொண்டே இருக்கவும் கடைசியில் இறங்கி வந்தார். "சரி, ஒரே ஒரு புக்கு. மொதப் பக்கத்துல இருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் அவளே தமிழ்ல படிக்கட்டும். படிச்சிட்டா நான் வாயே தெறக்கல. நீ உன் இஷ்டத்துக்குப் பேசு."

ஒரு புத்தகம்தானே என்று எனக்குத் தோன்றியது. ஆன்ட்டிக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும். முகம் அப்படி மலர்ந்தது.

வாரக் கடைசியில் நடந்த தமிழ் வகுப்பில் பாப்பா எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகியிருந்தாள். புத்தகம்தான் இல்லை. வகுப்பில் ஓர் அட்டைப்பெட்டி நிறைய இருந்தவை எல்லாம் நீதிக்கதைகள். சிங்கம் பேசும், காகம் பேசும், கடைசியில் எல்லாம் சேர்ந்து நமக்கு அறிவுரை சொல்லும். பாப்பா முதல் வரியிலேயே எழுந்துவிடுவாள். ஊருக்குப் போகிறவர்களிடமெல்லாம் ஆன்ட்டி சொல்லி அனுப்பினார். "நெசமான விசயம் எழுதின புக்குங்க. பறவை, பாம்பு, மழை, எதுன்னாலும் சரி. சின்னப் புள்ளைக படிக்கிற மாதிரி." அவர்கள் கொண்டுவந்தது பொது அறிவு வினா விடை. சாணித் தாளில், கேள்விக்கு ஒரு வரி, பதிலுக்கு ஒரு சொல். உலகிலேயே நீளமான நதி எது, உயரமான சிகரம் எது. நல்ல புத்தகங்கள் அப்போதும் தமிழில் இருந்திருக்கலாம். எங்களுக்கு வந்து சேரவில்லை.

அதனால் அவரே எழுத ஆரம்பித்தார். பொருள் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை, ஜன்னலைத் திறந்தால் அதுதான் நின்றது. கறுத்த கழுத்தும் வெள்ளைத் தாடையுமாக, நடைபாதையெல்லாம் பச்சையாக எச்சமிட்டு, காரை மறித்து நிற்கும் கனடா வாத்துகள். குளத்தோரம் ஒரு ஜோடி கூடு கட்டியிருந்தது. பாப்பா பள்ளிவிட்டு வந்ததும் பையைக் கழற்றாமலே அதைப் பார்க்க ஓடுவாள்.

அந்தப் புத்தகத்தின் தாள் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அப்பாக்கள் ஆபீஸிலிருந்து கொண்டுவருவார்களே, பச்சை வெள்ளைக் கோடு போட்டு, இரண்டு ஓரமும் துளை துளையாக, பிரிக்கப் பிரிக்க நீண்டுகொண்டே போகும் கம்ப்யூட்டர் காகிதம். அதன் வெள்ளைப் பின்பக்கத்தில் பெரிய பெரிய எழுத்தாக எழுதினார். படம் அவர் பேனாவால் வரைவார், வர்ணம் நாங்கள் க்ரேயானில் அடிப்போம். ஓரத்துத் துளைப்பட்டைகளைக் கிழித்துப் பாப்பா வளையல் செய்து போட்டுக்கொள்வாள்.

ஒரு பக்கம் எழுதி முடித்ததும் எங்களைச் சாப்பாட்டு மேஜையில் உட்கார வைத்து உரக்கப் படிக்கச் சொல்வார். பாப்பா எந்தச் சொல்லில் தடுக்கி நின்றாலும் அதை அடித்துவிட்டு வேறு சொல் போடுவார். "நீ தடுக்குனா தப்பு என்ற மேல சாமி" என்பார். ஒரு சொல்லுக்காக ஒரு மத்தியானம் முழுக்கப் போன நாள் உண்டு. முதல் வரி எனக்கு இன்றைக்கும் மனப்பாடம். 'இது வாத்து இல்லை, வாத்துக்குப் பெரியப்பா.' பாப்பா அதைப் படித்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் பால் மூக்கு வழியாக வந்தது.

அம்மா வாத்து அடை காத்ததை எழுதினார். அப்பா வாத்து தபால்காரரைத் துரத்தியதை எழுதினார். குஞ்சுகள் பொரிந்து, மஞ்சளாக அம்மா பின்னால் வரிசையாகப் போனதை எழுதினார். ஒரு காலையில் வரிசையில் இரண்டு குறைந்திருந்தன. பாப்பா அழுதாள். அதையும் எழுதினார். 'நரி தின்றதா, ஆமை தின்றதா? தெரியாது. நாங்கள் பார்க்கவில்லை.' பாப்பா அந்தப் பக்கத்தை ஒரு தடுக்கலும் இல்லாமல் படித்தாள். படித்து முடித்துவிட்டுத் தமிழில் கேட்டாள்: "ஆமைக்குப் பசியாம்மா?" ஆன்ட்டி என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் கண் நிறைந்திருந்தது.

கடைசிப் பக்கம் மட்டும் பாக்கி. குளிர் வந்ததும் இவை தெற்கே பறந்து போகுமா, இல்லை இங்கேயே கிடக்குமா என்று ஆன்ட்டிக்குத் தெரியவில்லை. நூலகப் புத்தகத்தில் இரண்டும் நடக்கும் என்று இருந்தது. "நம்ம குளத்து வாத்து என்ன பண்ணுதுன்னு பாத்துட்டு எழுதலாம். பாக்காம எழுதினா அது பொய்" என்று வைத்துவிட்டார். அங்கே பிடித்தது சனி.

தமிழ்ச் சங்கத்துத் தலைவர் அங்கிள் ஒருநாள் எதற்கோ வீட்டுக்கு வந்தவர் மேஜைமேல் அந்தத் தாள்களைப் பார்த்தார். நின்றவாக்கிலேயே எல்லாவற்றையும் படித்தார். உணர்ச்சிவசப்படும் மனிதர். "அம்மா, அமெரிக்க மண்ணுல பொறந்த மொத தமிழ் அறிவியல் நூல்மா இது! இதைச் சும்மா விடலாமா? அச்சுல கொண்டு வரணும். தீபாவளி ஃபங்ஷன்ல ரிலீஸ் பண்றோம்" என்றார். அடுத்த வாரம் அவர் சென்னைக்குப் போகிறார். அவருடைய பழைய ஆசிரியர் ஒரு புலவர், காசு வாங்காமல் பார்த்துக் கொடுப்பார்.

"எழுத்துப் பிழை மட்டும் பாத்தாப் போதுங்க. கடைசிப் பக்கம் இன்னும் எழுதலீங்க" என்றார் ஆன்ட்டி.

"கவலையே படாதீங்க, அதெல்லாம் ஐயா பாத்துக்குவார்."

குளத்து அங்கிளுக்குத் தலைகால் புரியவில்லை. மனைவி எழுத்தாளர்! பந்தயத்தையே மேடைக்கு மாற்றிவிட்டார். அச்சான புத்தகத்தைப் பாப்பா எல்லோர் முன்னாலும் மைக்கில் படிக்கட்டும், அதோடு பேச்சு முடிந்தது என்றார். தலைவர் அங்கிள் தாள்களைச் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டுக் கொண்டு போனார். ஒரு ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொள்ள எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

புத்தகங்கள் தீபாவளி வாரத்தில்தான் யாருடைய சூட்கேஸிலோ வந்து சேர்ந்தன. ஆன்ட்டி ஒரு பிரதி கேட்டுப் பார்த்தார். வெளியீட்டுக்கு முன்னால் பிரிக்கக்கூடாது, அது மரபு என்று சொல்லிவிட்டார்கள். ஜிகினாத் தாள் சுற்றி, ரிப்பன் கட்டி, சிறப்பு விருந்தினர் மேடையில் பிரித்துத் தூக்கிக் காட்ட வேண்டும். அதுவரை எழுதியவர்கூடப் பார்க்கக்கூடாது. இந்த மரபை யார் ஏற்படுத்தினார்களோ தெரியாது. அவர் மட்டும் என் கையில் கிடைத்தால் நாலு வார்த்தை கேட்காமல் விடமாட்டேன்.

வாடகைக்கு எடுத்த பள்ளிக்கூட அரங்கம். தீ அலாரத்துக்குப் பயந்து குத்துவிளக்கில் திரிக்குப் பதில் பேட்டரி பல்பு. பின்னால் அலுமினிய டிரேக்களில் புளியோதரை. ஆன்ட்டி அரக்குப் பட்டு கட்டி, கழுத்தில் மாலை, தோளில் பொன்னாடை. ஆளாளுக்குப் பேசினார்கள். ஜிகினாத் தாள் கிழிந்தது, கேமராக்கள் மின்னின. பாப்பாவை மைக் முன்னால் ஒரு ஸ்டூலில் ஏற்றி நிறுத்திக் கையில் புத்தகத்தைக் கொடுத்தார்கள். அவள் பட்டுப்பாவாடையைச் சரி செய்துகொண்டு, சிரித்துக்கொண்டே முதல் பக்கத்தைத் திறந்தாள்.

'நீர்நிலைகளின்கண் உறையும் எழில்மிகு அன்னமானது' என்று ஆரம்பித்தது அந்தப் பக்கம்.

புலவர் ஐயா ஒரு வரியைக்கூட விட்டுவைக்கவில்லை. பிறகு நான் வரிக்கு வரி பார்த்தேன். வாத்து என்ற சொல் கொச்சையாகப் பட்டிருக்கிறது, அன்னமாக்கிவிட்டார். பெரியப்பா போய்விட்டார். தபால்காரர் போய்விட்டார். குஞ்சு செத்தது அபசகுனம், அது இல்லை. தெரியாது என்று புத்தகத்தில் எழுதினால் மாணவன் மதிக்க மாட்டான் என்று அதையும் எடுத்துவிட்டார். கடைசிப் பக்கத்தில், அன்னம் பாலையும் நீரையும் பிரித்துப் பாலை மட்டும் பருகும் அரிய பறவை என்று அவரே எழுதிச் சேர்த்திருந்தார். எல்லாம் இலவசமாக, தமிழ்மீது வைத்த அன்பால், கண் வலிக்க வலிக்கச் செய்தது. இன்று யோசித்தால் அவர்மேல் எனக்குக் கோபம்கூடச் சரியாக வரவில்லை, வயிறுதான் எரிகிறது.

பாப்பா 'நீர்' என்றாள். அப்புறம் 'நிலை' என்றாள். அப்புறம் நின்றுவிட்டாள். மைக் மட்டும் உம் என்று இரைந்துகொண்டிருந்தது. பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள், பின்னட்டையைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். பிறகு மைக்கில் தெளிவாகச் சொன்னாள்: "திஸ் இஸ் நாட் மை மாம்'ஸ் புக்."

அரங்கம் சிரித்தது. கை தட்டினார்கள். தலைவர் அங்கிள் அவளைத் தூக்கி இறக்கிவிட்டு, தானே ஏற்ற இறக்கத்தோடு அந்தப் பக்கத்தைப் படித்தார். அதற்கும் கை தட்டினார்கள். ஆன்ட்டி மடியில் ஒரு பிரதியைத் திறந்து வைத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டிருந்தார். எதிரே நின்று ஒருவர் "ஸ்மைல் பண்ணுங்க மேடம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

கார் நிறுத்துமிடத்தில் குளத்து அங்கிள் கோபப்படவில்லை. அவருக்கே வருத்தம்தான். "பாத்தியல்ல? அவளுக்கு வரல. விட்டுரு, பாவம் கொழந்த" என்றார். புத்தகம் மாறியதை ஆன்ட்டி சொல்லிப் பார்த்தார். "பெரிய புலவர் எழுதினது தமிழ் இல்ல, நீ எழுதினதுதான் தமிழா?" என்று கேட்டார் அங்கிள். நக்கலாக இல்லை, நிஜமாகவே கேட்டார்.

ஆன்ட்டி அப்புறமும் ஒரு முயற்சி செய்தார். அவர் கையால் எழுதிய தாள்கள் சென்னையிலிருந்து திரும்பி வரவே இல்லை. அச்சான புத்தகத்தையே வரி வரியாக உடைத்துப் பாப்பாவுக்குச் சொல்லிக் கொடுத்தார். அன்னம் பாலைப் பிரிக்கும் வரியில் பாப்பா கேட்டாள், "இஸ் தட் ரியல்?" ஆன்ட்டி பேசாமல் இருந்தார். அட்டையில் அவர் பெயர் இருந்தது. முழுக்க நிஜம் என்று சத்தியம் செய்து எழுதிய புத்தகம். அவர் பேசாததைப் பாப்பா ஆமாம் என்று எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் மாலை ஒரு கிண்ணத்தில் பாலும் தண்ணீரும் கலந்து எடுத்துக்கொண்டு போய்க் குளத்தோரம் வைத்தாள். நானும் நின்றேன். குளிரில் மூக்கு ஒழுகிற்று. ஒரு வாத்து வந்தது, கிண்ணத்தைக் கொத்திற்று, காலால் தட்டிவிட்டுப் போய்விட்டது. பால் புல்லில் ஓடிற்று. ஆன்ட்டி வாசலுக்கு வந்தார்.

"இட்ஸ் ஃபேக்" என்றாள் பாப்பா. "அம்மா, யுவர் புக் இஸ் ஃபேக்."

"எஸ்" என்றார் ஆன்ட்டி. "கம் இன்சைட். வேர் ஷூஸ்."

அவர் பாப்பாவிடம் இங்கிலீஷில் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அப்பாவுக்கு வேலை போய் நாங்கள் அந்தக் குளிர்காலத்திலேயே ஊர் திரும்பினோம். கிளம்பும் வரை அந்த வீட்டில் வேறு மொழி கேட்கவில்லை.

மீதியைச் சொல்லிவிடுகிறேன். பாப்பா இப்போது டெக்சஸில் இருக்கிறாள். அங்கிள் போய்ச் சேர்ந்துவிட்டார், ஆன்ட்டி மகளோடுதான். பண்டிகைக்குப் பண்டிகை வாழ்த்து அனுப்பிக்கொள்வதோடு சரி. போன ஜனவரியில் திடீரென்று வீடியோ அழைப்பு. "அக்கா" என்றாள் பாப்பா. அவளிடம் மிச்சமிருந்த தமிழ் அந்த ஒரு சொல்தான், மற்றதெல்லாம் இங்கிலீஷ். ஆன்ட்டிக்கு மூளையில் ரத்தக் கசிவு, ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்தாயிற்று. உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் இங்கிலீஷ் முழுக்கப் போய்விட்டது. பேசுகிறார், நன்றாகவே பேசுகிறார், எல்லாம் தமிழ். இரண்டு நாளாக ஜன்னலைக் காட்டி ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்கிறார், வெளியே பார்க்க ஆசைப்படுகிறார் போல, அதனால் ஜன்னலை நன்றாகத் திறந்தே வைத்திருக்கிறேன், வேறென்ன சொல்கிறார் என்று கேட்டுச் சொல்லுங்கள் என்றாள்.

போனை அம்மா பக்கம் திருப்பினாள். ஆன்ட்டி போர்வையைக் கழுத்துவரை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டுகொண்டார்.

"கண்ணு, குளுரு தாங்கல. சன்னலச் சாத்தச் சொல்லு."

சொன்னேன். பாப்பா ஓடிப்போய்ச் சாத்திவிட்டு வந்தாள். அம்மாவின் இரண்டு கைகளையும் தன் கைக்குள் வைத்துத் தேய்த்தபடி அழுதாள். ஆன்ட்டி மூச்சு விடாமல் பேச ஆரம்பித்தார். உப்பு இல்லாத கஞ்சி, இடது காலில் மரமரப்பு, பக்கத்து வீட்டு நாய், ஏழு வயதில் பாப்பா போட்டிருந்த சிவப்புக் கோட்டு. ஒவ்வொன்றாக நான் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல, பாப்பா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். கொஞ்ச நேரத்தில் அவளுக்கு ஆபீஸ் மீட்டிங் வந்துவிட்டது. நாளைக்குக் கூப்பிடுகிறேன் என்று சொல்லிப் போனை வைத்தாள். வைக்கும்போதும் ஆன்ட்டி அவளைப் பார்த்துப் பேசிக்கொண்டுதான் இருந்தார்.